தொலைபேசிக்குள் ஒரு பணப்பை: கென்யா மக்களின் அனுபவம் எமக்குச் சொல்வது என்ன?

இடம்பெயரும் நேரத்தில் எதை எடுத்துச் செல்வது என்பது நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விடயம் அல்ல. வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அறுத்து வைத்த நெல்லையும் கட்டையில் நின்ற மாட்டையும் விட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டியிருந்தது. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கழுத்திலும் காதிலும் கிடந்த நகை, மடியில் முடிந்த கொஞ்சக் காசு. இவ்வளவுதான் ஒரு சிறிய பைக்குள் அடங்கின. அந்தப் பையும் வழியில் தவறிப்போன குடும்பங்கள் எம்மிடையே உண்டு. வங்கியில் பணம் போட்டிருந்தவர்களும் புத்தகம் தொலைந்த பின்பு, அது தம்முடைய பணந்தான் என்று நிரூபிப்பதற்கு மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

ஆகவே "பணத்தைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ளலாம், தொலைபேசியாலேயே அனுப்பலாம், தொலைபேசியிலேயே கடனும் எடுக்கலாம்" என்று யாராவது வந்து சொன்னால், அதைப் பட்டணத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் தள்ளிவிடக் கூடாது. கேட்டவுடன் நம்பி ஓடவும் கூடாது. எம்மைப் போலவே கமத்தை நம்பி வாழும் மக்கள், எம்மைப் போலவே வீடு வாசலை விட்டு ஓடிய மக்கள், இந்த முறையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறார்கள். கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள கென்யா நாட்டவர்களே அவர்கள். அவர்களுக்கு இதனால் வந்த நன்மையையும் தீமையையும் அறிந்துகொண்டால் நாம் ஒரு முடிவுக்கு வருவது இலகுவாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழையின் சொந்தக் காசைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டியாக இருந்தவரை இந்த முறை அவனுக்குக் கைகொடுத்தது. அந்த வண்டியிலேயே கடனை ஏற்றி அவன் வாசலில் இறக்கத் தொடங்கியபோது அது அவனை வருத்தியது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே ஆபத்து.

உண்டியல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல

யுத்த காலத்தில் வெளிநாட்டில் இருந்த உறவினர்கள் அனுப்பிய பணம் எமது கைக்கு எப்படி வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒருவரிடம் மகன் காசைக் கட்டுவான். அவர் இங்குள்ள ஒருவருக்குத் தகவல் சொல்லுவார். இங்குள்ளவர் தம்மிடம் இருந்த காசை எண்ணித் தாயிடம் கொடுப்பார். காசு கடல் கடக்கவில்லை, செய்திதான் கடந்தது. இதை நாம் உண்டியல் என்றோம். பற்றுச்சீட்டு இல்லை, நம்பிக்கை ஒன்றே முதல்.

கென்யாவில் 2007 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய "எம்-பெசா" என்ற சேவையும் அடிப்படையில் இதே வழியில்தான் இயங்குகிறது. "பெசா" என்றால் சுவாகிலி மொழியில் பணம். முன்னால் உள்ள "எம்" என்ற எழுத்து கைத்தொலைபேசியைக் குறிக்கும். அதற்கு முன்பு நைரோபி நகரில் கூலி வேலை செய்த தகப்பன், ஊரில் இருந்த குடும்பத்துக்குப் பணம் அனுப்புவதற்கு பஸ் சாரதியையோ ஊருக்குப் போகும் உறவினரையோ தேட வேண்டும். அல்லது தபாற் கந்தோரில் வரிசையில் நிற்க வேண்டும். பணம் பிந்தியும் வரும், குறைந்தும் வரும், வராமலும் போகும். வங்கிகள் பட்டணத்தில் இருந்தன. 2006 ஆம் ஆண்டு அந்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேருக்கு மட்டுமே முறையான நிதிச் சேவை ஏதாவது ஒன்று கிடைத்திருந்தது.

இந்தச் சேவை பிறந்த கதையில் அபிவிருத்தி வேலை செய்யும் எம் போன்றவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. பிரித்தானிய அரசின் அபிவிருத்தி உதவித் திணைக்களம் ஒரு பகுதிச் செலவைக் கொடுக்க, வோடபோன் கம்பனியும் கென்யாவின் சபாரிகொம் கம்பனியும் 2005 இல் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கின. நுண்கடன் எடுத்தவர்கள் தமது தவணைப் பணத்தைத் தொலைபேசி மூலம் கட்ட வேண்டும் என்பதே திட்டம். ஆனால் மக்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். ஒருவர் மற்றவருக்குக் காசு அனுப்பினார்கள். தூரத்தில் இருந்த உறவினருக்கு அனுப்பினார்கள். வழியில் களவு போகாமல் இருக்க, புறப்படும் இடத்தில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்தார்கள். திட்டக்காரர்கள் இதைக் கண்டு தமது எண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். "வீட்டுக்குக் காசு அனுப்புங்கள்" என்ற ஒரே செய்தியோடு 2007 இல் சேவை நாடெங்கும் வந்தது. தமக்கு எது தேவை என்பதை மக்களே காட்டினார்கள். திட்டம் போட்டவர்கள் அதற்குச் செவிசாய்த்தார்கள். எமது நாட்டில் எத்தனை திட்டங்கள் இதற்கு மாறாக நடந்து வீணாகிப் போயின என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இயங்கும் விதம் எளியது. ஊர்க் கடைக்காரர் ஒருவர் முகவராகப் பதிந்துகொள்வார். நீங்கள் அடையாள அட்டையைக் காட்டி உங்கள் தொலைபேசி இலக்கத்தின் பெயரில் கணக்குத் திறப்பீர்கள். கடைக்காரரிடம் 1,000 ஷில்லிங் கொடுத்தால், அவருடைய கணக்கில் இருந்து உங்கள் கணக்குக்கு 1,000 மாறும். இருவருக்கும் குறுஞ்செய்தி வரும். அதை மனைவிக்கு அனுப்பினால், அவர் தமது இரகசிய இலக்கத்தைக் கொடுத்து ஊரில் உள்ள இன்னொரு கடையில் காசாக எடுப்பார். இணைய வசதி உள்ள விலை கூடிய தொலைபேசி தேவையில்லை. பொத்தான் வைத்த பழைய தொலைபேசியே போதும். பணம் போடுவதற்குக் கட்டணம் இல்லை. அனுப்பவும் எடுக்கவும் உண்டு. மக்கள் கட்டிய பணத்தைக் கம்பனி தன் வியாபாரத்துக்கு எடுக்க முடியாது. அது நம்பிக்கைப் பொறுப்பாக வங்கிகளில் தனியே வைக்கப்படுகிறது. உண்டியலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பதிவும் ஒரு சட்டமும் நிற்கின்றன.

கலவரம் வந்தபோது

சேவை தொடங்கி ஒரு வருடம் ஆக முன்பே அந்த நாட்டுக்குச் சோதனை வந்தது. 2007 டிசெம்பர் மாத இறுதியில் நடந்த சனாதிபதித் தேர்தலின் முடிவைத் தொடர்ந்து இனக் கலவரம் மூண்டது. 1,100 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பெரும் தொகையினர் றிவ்ற் பள்ளத்தாக்கில் சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட கமக்காரக் குடும்பங்கள். எரிந்த வீடுகளை விட்டு வந்தவர்கள் விளையாட்டு மைதானங்களிலும் தேவாலய வளவுகளிலும் கூடாரம் அடித்தார்கள். இந்தக் காட்சியை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்த வாரங்களில் பாதைகள் தடைப்பட்டன. கடைகளும் வங்கிகளும் பூட்டிக் கிடந்தன. நகரத்தின் சேரிகளில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு உறவினர்கள் தொலைபேசி வழியே காசும், பேசுவதற்கான மீள்நிரப்புத் தொகையும் அனுப்பினார்கள். வங்கிகள் சில இந்த இனத்துக்கு உரியவை, அந்த இனத்துக்கு உரியவை என்று சந்தேகிக்கப்பட்ட நேரத்தில், தமது காசு தொலைபேசியில் இருப்பதே பாதுகாப்பு என்று பலர் எண்ணினார்கள்.

அதே 2008 இல் கெரியோ பள்ளத்தாக்கு என்ற ஒதுக்குப்புறமான பிரதேசத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு, கொன்சேர்ன் என்ற அயர்லாந்துத் தொண்டு நிறுவனம் நிவாரணத்தை இந்த வழியிலேயே கொடுத்தது. லொறியில் உணவு கொண்டுபோவது செலவும் ஆபத்தும் நிறைந்த வேலையாக இருந்தது. ஆகவே பத்துக் குடும்பங்கள் ஒரு குழுவாக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் சிம் அட்டை; குழுவுக்கு ஒரு தொலைபேசி; மின்சாரம் இல்லாத இடமாகையால் சூரிய ஒளியில் மின்னேற்றும் கருவி. வாசிக்கத் தெரிந்த, மற்றவர்கள் நம்பும் ஒருவர் குழுவுக்குத் துணை நின்றார். தொலைபேசி இல்லாதவருக்கும் எழுத்தறிவு இல்லாதவருக்கும் வழி செய்யப்பட்டது என்பதை இங்கே கவனியுங்கள். நிவாரணத்தைத் தொலைபேசியில் தருகிறோம் என்று இங்கு எந்த நிறுவனம் சொன்னாலும், "எழுத வாசிக்கத் தெரியாத கிழவிக்கு என்ன ஏற்பாடு?" என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஆய்வுகள் சொல்வது

தவ்நீத் சூரி, வில்லியம் ஜக் என்ற இரு பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் கென்யக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2014 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, நோய், பயிரழிவு, வேலையிழப்பு போன்ற அடி விழுந்தபோது எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 வீதம் குறைந்தது. இருந்த குடும்பங்களில் அப்படிக் குறையவில்லை. காரணம், தூரத்து உறவினரிடம் இருந்து உதவி விரைவாக வந்து சேர்ந்தது. 2016 இல் வந்த இரண்டாவது ஆய்வில், இச்சேவையால் 194,000 குடும்பங்கள், அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 வீதம், கடும் வறுமையில் இருந்து மீண்டதாக அவர்கள் கணித்தார்கள். பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்களே இதில் கூடுதலாகப் பயன் பெற்றன.

இந்தக் கணக்கை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2019 இல் வேறு சில ஆய்வாளர்கள், தொடங்கி முறிந்துபோன சிறு வியாபாரங்களும் மக்கள் தலையில் ஏறிய கடனும் அதில் சேர்க்கப்படவில்லை என்றும், கட்டணமாகச் சேர்ந்த இலாபம் பங்குதாரர்களைச் சென்றடைகிறது என்றும் வாதிட்டார்கள். இரு பக்கத்திலும் உண்மை உண்டு என்றே எனக்குப் படுகிறது. கஷ்டம் வந்த நேரத்தில் கை நீட்டக்கூடிய உறவுகள் இருந்தவனுக்கு அந்தக் கையைத் தொலைபேசி கிட்டக் கொண்டுவந்தது. நகரத்திலோ வெளிநாட்டிலோ யாரும் இல்லாத குடும்பத்துக்கு அது வெறும் தொலைபேசியாகவே இருந்திருக்கும். எமது முகாம்களிலும் வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

கமக்காரருக்கு நேரடியாகப் பயன்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். "கிலிமோ சலாமா" என்றால் பாதுகாப்பான விவசாயம். இந்தப் பெயரில் கென்யாவில் ஒரு பயிர்க் காப்புறுதித் திட்டம் நடந்தது. விதையும் உரமும் வாங்கும்போது விலையில் 5 வீதத்தைக் கமக்காரர் கூடுதலாகக் கட்டினால், அதே அளவை உள்ளீடு விற்ற கம்பனியும் கட்டியது. மழையளவை தானியங்கி வானிலை நிலையங்கள் பதிவு செய்தன. மழை பொய்த்தால், எவரும் வயலுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதாமலே, நட்டஈடு தொலைபேசிக்கு வந்தது. பயிரழிவு நட்டஈட்டுக்காகக் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள்.

வண்டியில் ஏறிய கடன்

இனிக் கசப்பான பக்கம். 2012 நவம்பரில் அதே தொலைபேசிக் கணக்கின் மேல் "எம்-ஷ்வாரி" என்ற சேமிப்பு, கடன் சேவை வந்தது. பிணை வேண்டாம், ஈடு வேண்டாம், பத்திரம் வேண்டாம். சில பொத்தான்களை அழுத்தினால் கடன். திருப்பிக் கட்டத் தவணை 30 நாள், கட்டணம் 7.5 வீதம். அதை வட்டி என்று சொல்லாமல் கட்டணம் என்று சொன்னார்கள். கணக்குப் பார்ப்போம். 10,000 ஷில்லிங் எடுத்தவர் ஒரு மாதத்துக்கு 750 கட்ட வேண்டும். ஒவ்வொரு மாதமும் கட்டிவிட்டு மீண்டும் எடுத்தால் ஒரு வருடத்தில் 9,000. முதல் அப்படியே நிற்கும். எமது ஊரில் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி வாங்குபவரையே நாம் கொடுமைக்காரர் என்கிறோம்.

பின்பு எந்த அதிகாரியின் அனுமதியும் இல்லாத கடன் கம்பனிகள் பல முளைத்தன. தவணை தவறியவரின் தொலைபேசியில் உள்ள இலக்கங்களுக்கெல்லாம் அழைத்து, "இவர் கடன்காரர்" என்று சொல்லி மானத்தை வாங்கினார்கள். சிறு தொகைக்காகவும் மக்களின் பெயர்கள் கடன் தகவல் பணியகங்களின் கறுப்புப் பட்டியலில் ஏறின. இளைஞர் பலர் கடன் எடுத்த காசை அதே தொலைபேசியில் பந்தயம் கட்டித் தொலைத்தார்கள். 2020 இல்தான் கென்ய மத்திய வங்கி, கட்டுப்பாடற்ற இக்கம்பனிகள் பெயர்களைப் பட்டியலுக்கு அனுப்புவதை நிறுத்தி, 1,000 ஷில்லிங்குக்குக் குறைந்த கடனுக்காக எவரையும் பட்டியலில் போடக் கூடாது என்று விதித்தது. 2021 டிசெம்பரில் இவர்களை அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவரும் சட்டம் வந்தது. சட்டம் வந்து சேர முன்பே பல குடும்பங்கள் நொந்துவிட்டன.

எமது முற்றத்தில்

இலங்கையிலும் 2012 இல் "ஈசி காஷ்" என்ற பெயரில் கைத்தொலைபேசிப் பணச் சேவை தொடங்கியது. வங்கிக் கிளைகளும் கூட்டுறவுக் கிராமிய வங்கிகளும் சிறு பட்டணங்களிலும் இருப்பதால், கென்யாவில் எம்-பெசா பிடித்த இடத்தை இது இங்கே பிடிக்கவில்லை. ஆனால் கடன் விடயத்தில் கென்யா மக்கள் பட்டதை நாம் தொலைபேசி இல்லாமலே பட்டுவிட்டோம். யுத்தம் முடிந்த 2009 க்குப் பின்பு வடக்கு கிழக்கிலே நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாக வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாலைக் கூட்டத்தில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "சுவாமி, செவ்வாய்க்கிழமைக் கடனைக் கட்டுறதுக்கு வியாழக்கிழமைக் கடன் எடுத்தனான். வியாழக்கிழமைக் கடனுக்குத் தோட்டை அடைவு வைச்சனான்." அடைவில் போன தோடு திரும்பவில்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பும் வந்தது. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடன் வாசலுக்கு வந்தால் இனம் மொழி பார்ப்பதில்லை.

அன்று கடன்காரர் முற்றத்தில் வந்து நின்றார், அயலவருக்குத் தெரிந்தது. தொலைபேசிக் கடன்காரர் எவர் கண்ணுக்கும் தெரியாமல் வருவார். கணவன் எடுத்தது மனைவிக்குத் தெரியாது. மகன் எடுத்தது தாய்க்குத் தெரியாது. அதனால்தான் இது கூடுதல் ஆபத்தானது என்று சொல்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

தொலைபேசிப் பணச் சேவையை நாம் பயன்படுத்தலாம். தோட்டத்து மரக்கறி விற்ற காசைப் பஸ்சில் கொண்டு வருவதிலும் அது பாதுகாப்பு. பட்டணத்தில் படிக்கும் பிள்ளைக்குக் காசு அனுப்ப ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மீண்டும் ஒரு நாள் வெள்ளத்தாலோ வேறு காரணத்தாலோ அவசரமாக வெளிக்கிட நேர்ந்தால், தொலைபேசி தொலைந்தாலும் கணக்குத் தொலையாது. அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்தைத் திரும்பப் பெறலாம். ஆகையால் அடையாள அட்டை இல்லாத உறவினர்கள் முதலில் கிராம அலுவலரிடம் சென்று அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். சிம் அட்டை உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். மற்றவர் பெயரில் உள்ள சிம்மில் உங்கள் காசைப் போட வேண்டாம்.

இரகசிய இலக்கத்தை முகவருக்கோ, அயல்வீட்டுப் பிள்ளைக்கோ, கம்பனியில் இருந்து கதைக்கிறோம் என்று அழைப்பவருக்கோ சொல்லக் கூடாது. "தவறுதலாக உங்களுக்குக் காசு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால், வந்த குறுஞ்செய்தியை நம்பாமல் உங்கள் மீதியை நீங்களே பாருங்கள். கென்யாவில் இந்த ஏமாற்றுக்குப் பலர் பலியானார்கள்.

கடன் என்று வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். கொடுப்பவருக்கு மத்திய வங்கியின் அனுமதி உண்டா? ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? தவணை என் அறுவடையோடு பொருந்துமா, அல்லது பயிர் முளைக்க முன்பே தொடங்குமா? வீட்டில் உள்ள மற்றவருக்கு இது தெரியுமா? இவற்றில் ஒன்றுக்கேனும் "இல்லை", "தெரியாது" என்பது பதிலானால் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம். 30 நாள் கடன் கடைக்காரருக்குப் பொருந்தலாம். நாற்று நட்டுக் கதிர் காண மாதக்கணக்கில் காத்திருக்கும் கமக்காரருக்கு அது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, எமது சிக்கன கடனுதவிச் சங்கங்களையும் பெண்களின் சேமிப்புக் குழுக்களையும் தொலைபேசி வந்துவிட்டது என்பதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள். கென்யாவிலும் எம்-பெசா வந்த பின்பு "சாமா" எனப்படும் ஊர்ச் சேமிப்புக் குழுக்கள் அழியவில்லை. தமது சந்தாவைத் தொலைபேசியில் சேர்த்துக்கொண்டு அவை இன்றும் கூடுகின்றன. தவணை ஏன் தவறியது என்று தொலைபேசி கேட்காது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு செத்துப்போனது, மழை பெய்யவில்லை என்பதைச் சங்கத்தில் இருப்பவர்கள் அறிவார்கள்; அடுத்த மாதம் தாரும் என்று சொல்லவும் அவர்களால் முடியும்.

இந்தக் கட்டுரையை உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடுங்கள். உங்கள் ஊரில் எத்தனை பேருக்குச் சொந்தப் பெயரில் சிம் அட்டை உண்டு, எத்தனை வீடுகளில் வெளியே சொல்லாத தொலைபேசிக் கடன் உண்டு என்பதை அங்கேயே மெல்ல விசாரியுங்கள். முதலாவதற்கு ஒரு நாளில் வழி செய்யலாம். இரண்டாவதை மறைக்காமல் சொல்ல ஒருவர் துணிந்தால், அவரைத் தனியே விடாமல் சங்கமாகச் சேர்ந்து தூக்கிவிடுங்கள்.